ஊரடங்கின் வரவு செலவு: எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

பெருந்தொற்றுக் காலத்தில் ஊரடங்கு போட்டதால் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் பெரிதா, அதனால் தப்பிய உயிர்களின் மதிப்பு பெரிதா என்பது கேள்வி. நஷ்டமே பெரிது என்றும் உயிர்களின் மதிப்பே பெரிது என்றும் இரண்டு பக்கத்திலும் நல்ல பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: வைரஸைப் பற்றி அவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. ஊரடங்கு இல்லாதிருந்தால் மக்கள் எப்படி நடந்திருப்பார்கள், ஒருவரின் ஓர் ஆண்டு ஆயுளுக்கு என்ன விலை வைப்பது என்ற இரண்டு அனுமானங்களில்தான் விடை தலைகீழாகிறது.

முதலில் எல்லோரும் செய்யும் தவறு. ஊரடங்குக்கு முந்தைய காலாண்டின் உற்பத்தியையும் அடுத்த காலாண்டின் உற்பத்தியையும் எடுத்துக் கழித்து, வந்த மொத்தத்தையும் ஊரடங்கின் செலவு என்று எழுதிவிடுவது. தொற்று பரவும்போது உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மக்கள் ஒதுங்குவார்கள். உணவகத்துக்குப் போக மாட்டார்கள், பயணத்தை ரத்து செய்வார்கள், வேலைக்கு வர மறுப்பார்கள். அந்த வீழ்ச்சி நோயின் செலவு. உத்தரவின் செலவு என்பது அதற்கு மேல் வந்த கூடுதல் மட்டும்.

இந்தக் கூடுதல் எவ்வளவு என்று அளந்தவர்கள் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சிவர்சனும் அமெரிக்காவில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள், நிறுவனங்களுக்கு வந்துபோனவர்களின் கைபேசித் தரவை எடுத்தார்கள். மக்கள் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் ஒரே வட்டாரத்துக்குள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஊரடங்கு உள்ள இடத்தையும் அந்தப் பக்கம் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டார்கள். வாடிக்கையாளர் வருகை மொத்தத்தில் 60 சதவீதப் புள்ளி சரிந்தது. அதில் உத்தரவால் வந்தது 7 புள்ளிதான். மீதி பயத்தால் வந்தது. டென்மார்க், ஸ்வீடன் ஒப்பீடும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2020 வசந்தத்தில் டென்மார்க் மூடியது, ஸ்வீடன் பெரும்பாலும் திறந்து வைத்தது. வங்கிக் கணக்குத் தரவுப்படி மக்களின் செலவழிப்பு ஸ்வீடனில் சுமார் 25% குறைந்தது, டென்மார்க்கில் 29%. இன்னொன்றும் தெரிந்தது: நோயால் அதிக ஆபத்து உள்ள முதியவர்களின் செலவழிப்பு டென்மார்க்கில்தான் குறைவாகச் சரிந்தது. ஊர் அடங்கியிருந்ததால் அவர்கள் கொஞ்சம் தைரியமாக வெளியே வர முடிந்தது என்பதே பொருத்தமான விளக்கம். அதாவது உத்தரவு ஒரு பக்கம் பொருளாதாரத்தைக் குறைத்தாலும் இன்னொரு பக்கம் சிறிது திருப்பித் தருகிறது.

இந்த எண்களை எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. பயந்து வீட்டில் இருக்கச் சேமிப்பு வேண்டும். அன்றன்று உழைத்து அன்றன்று சாப்பிடுபவர் பயந்தாலும் வேலைக்குப் போவார். அப்படிப்பட்டவர்கள் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் தானாக ஒதுங்குவது குறைவு என்பதால், உத்தரவால் வரும் கூடுதல் இழப்பு மேலே சொன்னதைவிடப் பல மடங்கு ஆகலாம். இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி முதல் மதிப்பீட்டின்படி 23.9% சரிந்தது. அதில் நோயின் பங்கு, உத்தரவின் பங்கு, உத்தரவு வந்த வேகத்தின் பங்கு என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. 7 புள்ளி என்ற அமெரிக்க எண்ணை அங்கே பயன்படுத்துவது அபத்தம்.

எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு நடக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. 2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட அறிக்கை, எதுவும் செய்யாவிட்டால் பிரிட்டனில் 5.1 லட்சம் பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறப்பார்கள் என்றது. அரசு எந்த நடவடிக்கையும் எடுக்காமல், மக்களும் தாங்களாகத் துளிகூட மாறாமல் இருந்தால் என்ற நிலைக்கான எண் அது. அப்படி நடப்பது அரிது என்று அறிக்கையே குறிப்பிட்டிருந்தது. அந்த 22 லட்சத்திலிருந்து உண்மையான சாவைக் கழித்து, மீதி அனைத்தையும் ஊரடங்கு காப்பாற்றியது என்று எழுதினால், மக்கள் தாங்களாக ஒதுங்கியதன் பலனையும் உத்தரவின் பெயரில் வரவு வைத்ததாகிவிடும். பதினொரு ஐரோப்பிய நாடுகளில் 2020 மே தொடக்கத்துக்குள் 31 லட்சம் உயிர்கள் தப்பின என்று சொன்ன ஆய்வின் மீதும் இந்த விமர்சனம்தான் வந்தது. மறுமுனையில், 2022 ஜனவரியில் வந்த ஒரு தொகுப்பாய்வு ஊரடங்குகள் சாவைச் சராசரியாக 0.2% மட்டுமே குறைத்தன என்றது. எந்த ஆய்வுகளைச் சேர்த்தார்கள், எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்று அதையும் துருவினார்கள். இன்னொரு சிக்கல்: தொற்று மோசமான இடத்தில்தான் கடுமையாக மூடுவார்கள். ஆகவே வெறுமனே நாடுகளை வரிசைப்படுத்தினால் ஊரடங்கு கடுமையாக இருந்த இடத்தில் சாவு அதிகம் என்று தோன்றும். மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் நோயாளிகள் என்பது போன்ற முடிவு அது.

இனி ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் கற்பனை, ஆனால் அளவுகள் நிஜத்துக்கு அருகில். ஒரு நாட்டில் 1 கோடி பேர். ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தை 1 அலகு என்று வையுங்கள். அப்போது நாட்டின் ஆண்டு உற்பத்தி 1 கோடி அலகு. எந்த நாணயமும் தேவையில்லை, எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

ஒரு நோயாளி சராசரியாக 3 பேருக்குப் பரப்புகிறார் என்றால், மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு எதிர்ப்பாற்றல் வந்ததும் பரவல் இறங்கத் தொடங்கும். ஆனால் கட்டுப்பாடில்லாத அலை அங்கே நிற்காது. அதற்குள் தொற்றியிருப்பவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருப்பதால் வேகத்தில் தாண்டிப்போய் 94% பேரைத் தொட்டுத்தான் அடங்கும். 67-க்கும் 94-க்கும் இடையிலுள்ள 27% வீணாகப் போன தொற்று. தடுப்பூசி என்ற ஒன்று வரவே போவதில்லை என்றாலும், அலையை மெதுவாக்கினால் இந்தப் பங்கில் கணிசமான அளவைத் தவிர்க்கலாம். தள்ளிப்போடுவதால் ஒரு பயனும் இல்லை, எல்லோருக்கும் எப்படியும் வரத்தானே போகிறது என்று வாதாடுபவர்கள் மறக்கும் இடம் இது.

நிஜத்தில் மக்கள் ஒதுங்குவார்கள். ஆகவே உத்தரவே இல்லாவிட்டால் தடுப்பூசி வரும்வரை 50 லட்சம் பேருக்குத் தொற்று என்றும், எட்டு வார ஊரடங்கு போட்டால் 30 லட்சம் என்றும் கொள்வோம். தொற்றியவர்களில் இறப்பவர் 0.6% என்றால் 30,000 சாவும் 18,000 சாவும். வித்தியாசம் 12,000 உயிர். இறப்பவர் ஒவ்வொருவரும் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார் என்றால் மீட்டது 1.2 லட்சம் ஆயுள் ஆண்டு.

செலவுப் பக்கம். மக்களின் பயத்தால் வந்த சரிவுக்கு மேல் உத்தரவு எட்டு வாரத்துக்கு உற்பத்தியை இன்னும் 10% குறைக்கிறது என்று வையுங்கள். 1 கோடியில் 10%, ஆண்டில் 52-இல் 8 வாரம்: 1.54 லட்சம் அலகு. மூடிய நிறுவனங்களில் சில மறுபடி திறக்காது, வேலையிழந்தவர் சிலரின் திறமை துருப்பிடிக்கும். இந்தத் தழும்புக்கு இன்னும் பாதி சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 2.3 லட்சம் அலகு.

இதுவரை பலரும் போடுவார்கள். பள்ளிகளைத்தான் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் பள்ளி மூடியதன் நஷ்டம் அந்த ஆண்டின் உற்பத்திக் கணக்கில் தெரியவே தெரியாது. ஆசிரியருக்குச் சம்பளம் போகிறது, ஆகவே தேசியக் கணக்கில் பல நாடுகள் கல்வி என்ற உற்பத்தி நடந்ததாகவே எழுதிவிடுகின்றன. குழந்தை கற்காதது இருபது, முப்பது ஆண்டு கழித்து அவரது சம்பளத்தில்தான் வெளிப்படும்.

அதையும் போடுவோம். நம் நாட்டில் 20 லட்சம் மாணவர்கள். பள்ளி ஆண்டு 40 வாரம் என்றால் எட்டு வாரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டிலிருந்து படித்தால் இதில் எவ்வளவு மிஞ்சும்? நெதர்லாந்தில் எட்டு வாரம் பள்ளி மூடியபின் தேர்வு மதிப்பெண்களை அளந்தபோது, இழப்பும் ஒரு பள்ளி ஆண்டின் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தது. அதாவது வீட்டில் கற்றது கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அதிவேக இணையம் வீட்டுக்கு வீடு உள்ள நாட்டில் இந்தக் கதி. பெற்றோர் அதிகம் படிக்காத குடும்பங்களில் இழப்பு 60% வரை கூடுதல். பிறகு பாதி ஈடுசெய்யப்படுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மிச்சம் பத்தில் ஒரு பள்ளி ஆண்டு. ஓர் ஆண்டுக் கல்வி வருமானத்தை 8% உயர்த்தும் என்றால், இழப்பு வாழ்நாள் வருமானத்தில் 0.8%. ஒருவரின் வாழ்நாள் வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 20 அலகு என்று கொள்வோம். ஒரு மாணவருக்கு 0.16 அலகு. இருபது லட்சம் பேருக்கு 3.2 லட்சம் அலகு.

எட்டு வாரத்துக்குக் கடை, ஆலை, அலுவலகம் எல்லாம் முடங்கியதன் கூடுதல் நஷ்டத்தைவிட இது பெரிது. ஊரடங்கின் மொத்தச் செலவு 5.5 லட்சம் அலகு என்றால் பாதிக்கு மேல் வகுப்பறையில் இருக்கிறது. பள்ளிகளைப் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கு மேல் மூடி வைத்துவிட்டு மதுக்கூடங்களையும் உணவகங்களையும் முதலில் திறந்த அரசுகள், எந்தக் கணக்குப்படி அப்படிச் செய்தன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும் நேர்மைக்காகச் செய்ய வேண்டும்: உத்தரவு இல்லாவிட்டாலும் பெற்றோரில் ஒரு பகுதி பிள்ளைகளை அனுப்பியிருக்க மாட்டார்கள். 3.2 லட்சத்தில் அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும்.

இப்போது வரவுப் பக்கத்துக்கு விலை வைக்க வேண்டும். இங்கேதான் எல்லாம் ஆடும்.

ஓர் ஆயுள் ஆண்டுக்கு ஓர் ஆண்டு வருமானம், அதாவது 1 அலகு என்றால் வரவு 1.2 லட்சம். பள்ளியைச் சேர்க்காவிட்டாலும் ஊரடங்கு நஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரோடு வெகுகாலம் புழங்கிய அளவுகோலின் மேல் வரம்பான 3 மடங்கை எடுத்தால் 3.6 லட்சம்; பள்ளி திறந்திருந்தால் லாபம், மூடியிருந்தால் நஷ்டம். அமெரிக்க அரசுத் துறைகள் சாலைப் பாதுகாப்பு, மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பயன்படுத்துவது புள்ளியியல் உயிர் மதிப்பு, அதாவது சிறு சாவு அபாயத்துக்கு மக்கள் வைக்கும் விலையிலிருந்து கணக்கிட்ட எண்; 2020 வாக்கில் அது ஓர் உயிருக்குச் சுமார் 1 கோடி டாலர். அந்நாட்டின் அப்போதைய தனிநபர் உற்பத்தியைப் போல ஏறத்தாழ 150 மடங்கு. அதை எடுத்தால் 12,000 உயிருக்கு 18 லட்சம் அலகு. பள்ளிச் செலவையும் சேர்த்துக் கழித்த பின்னும் கொள்ளை லாபம். அதே சாவு, அதே முடக்கம், ஒரே ஒரு பெருக்கல் எண் மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது.

2020 மார்ச்சில் மைக்கேல் கிரீன்ஸ்டோனும் விஷன் நிகமும் அமெரிக்காவுக்குப் போட்ட கணக்கில், மிதமான சமூக இடைவெளி அக்டோபர் 1-க்குள் 17 லட்சம் உயிரைக் காத்து சுமார் 8 லட்சம் கோடி டாலர் பலன் தரும் என்றார்கள். அது புள்ளியியல் உயிர் மதிப்பின் வேலை. பிரிட்டனில் டேவிட் மைல்ஸ் குழு மூன்று மாத ஊரடங்கைக் கணக்கிட்டுச் செலவே அதிகம் என்றது. அவர்கள் எடுத்தது, அந்நாட்டு மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமான நைஸ் புதிய மருந்துகளுக்கு அப்போது வைத்திருந்த வரம்பு: நலத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு. அதன் மேல் எல்லைகூட அப்போதைய தனிநபர் உற்பத்தியில் ஒரு மடங்குக்கும் சற்றுக் குறைவு.

இரண்டு எண்ணும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் எதை எப்போது நம்புவது என்று முடிவு செய்யலாம். புள்ளியியல் உயிர் மதிப்பு பெரும்பாலும் சம்பளத்திலிருந்து வருகிறது. ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடுதல் சாவு அபாயமுள்ள வேலைக்குத் தொழிலாளி ஆண்டுக்கு 1,000 டாலர் அதிகம் கேட்கிறார் என்றால், 10,000 பேர் சேர்ந்து ஒரு சாவுக்கு 1 கோடி டாலர் கேட்கிறார்கள் என்று பொருள். யாருடைய உயிருக்கும் வைத்த விலை அல்ல அது. சிறு அபாயத்துக்கு மக்கள் தாங்களே வைத்த விலை. கேட்டவர்கள் நடுவயதினர், இன்னும் நாற்பது ஆண்டு வாழ எதிர்பார்ப்பவர்கள். நைஸ் வரம்பு வேறு கேள்விக்கான விடை: மருத்துவத்துக்கு ஒதுக்கிய நிலையான பணத்தில் ஒரு மருந்தை வாங்கினால் அதே பணத்தில் கிடைத்திருக்கக்கூடிய வேறு சிகிச்சையின் பலன் எவ்வளவு குறையும் என்பது. நாட்டின் முழு வருமானத்தையும் மேசையில் வைத்துப் பேசும்போது அந்த வரம்பு மிகக் கஞ்சத்தனமானது.

என் தேர்வு நடுவே உள்ள வழி. 150 மடங்கை நாற்பது ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 3.75. பத்து ஆண்டுக்கு 37.5. 12,000 பேருக்கு 4.5 லட்சம் அலகு. அதாவது இந்தக் கற்பனை நாட்டில் பள்ளியைத் திறந்து வைத்த எட்டு வார ஊரடங்கு தெளிவான லாபம், மூடிய ஊரடங்கு ஒரு லட்சம் அலகு நஷ்டம். முதியவரின் ஓராண்டும் இளையவரின் ஓராண்டும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது இந்த முறை. உயிருக்கு உயிர் சமம் என்பவர்கள் 18 லட்சத்தில் நிற்பார்கள். அது ஒழுக்கவியல் நிலைப்பாடு, பொருளாதாரம் அதைத் தீர்த்துவைக்காது. ஆனால் எதில் நிற்கிறோம் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

வயது ஏன் இவ்வளவு கனக்கிறது என்றால், கோவிட் சாவு வயதோடு ஏறிய விதம் அப்படி. தடுப்பூசிக்கு முன்பு தொற்றியவர்களில் இறப்பவர் 25 வயதில் 0.01%, 55-இல் 0.4%, 65-இல் 1.4%, 75-இல் 4.6%, 85-இல் 15% என்று மதிப்பிட்டார்கள். ஆகவே 0.6% என்ற சராசரி எந்த நாட்டுக்கும் நிலையான எண் அல்ல. இளைஞர்கள் நிறைந்த மக்கள்தொகையில் அது பாதிக்கும் கீழே இறங்கும், வரவும் அதே அளவு இறங்கும். 1918 இன்புளூயன்சா இருபது முதல் நாற்பது வயதினரை அள்ளிக்கொண்டு போனது. அதே ஊரடங்கு, அதே முடக்கம், ஆனால் ஓர் உயிருக்கு மீளும் ஆயுள் நாற்பது ஆண்டுக்கு மேல். கோவிட் அனுபவத்தை வைத்து அடுத்த பெருந்தொற்றுக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவமனை நிரம்பி வழிவதையும் தனியாகச் சேர்க்க வேண்டும். உத்தரவு இல்லாத நிலையில் ஆக்ஸிஜன் படுக்கை கிடைக்காமல் இறப்பு 0.6-லிருந்து 0.8% ஆனால், 50 லட்சம் தொற்றில் 40,000 சாவு. ஊரடங்கோடு இருந்த 18,000-ஐக் கழித்தால் வித்தியாசம் 12,000 அல்ல, 22,000. ஒரு சிறிய எண் நகர்ந்ததில் வரவு ஏறத்தாழ இரட்டித்தது. வேறு நோய்களுக்குச் சிகிச்சை கிடைக்காமல் இறப்பவர்கள் இதற்கு மேல். ஆனால் அவர்கள் வரவு, செலவு இரண்டு பக்கத்திலும் வருவார்கள்: ஊரடங்கின் போதும் புற்றுநோய்ப் பரிசோதனை தள்ளிப்போனது, குழந்தைகளுக்கான தடுப்பூசி முகாம்கள் நின்றன. 2021-இல் உலகில் 2.5 கோடிக் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசியைத் தவறவிட்டார்கள். இதில் உத்தரவுக்கு எவ்வளவு, பயத்துக்கு எவ்வளவு, ஊழியர்கள் கோவிட் பணிக்கு இழுக்கப்பட்டதற்கு எவ்வளவு என்று பிரிக்காமல் ஏதாவது ஒரு பக்கத்தில் மொத்தமாகத் தள்ளிவிடக் கூடாது.

செலவுப் பக்கத்தில் இரட்டைக் கணக்கு அடிக்கடி நுழையும் வாசல் நிவாரணப் பணம். அமெரிக்கா 2020 மார்ச் இறுதியில் 2.2 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் போட்டது. உற்பத்தி இழப்பையும் இந்தத் தொகையையும் கூட்டி ஊரடங்கின் விலை என்று போடுவது தவறு. நிவாரணம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவது. அப்போதே ஒரு பொருளும் அழிவதில்லை. அதில் உண்மையான செலவு, பின்னால் வரி வசூலிக்கும்போது வரும் சிதைவும், வழங்கும் நிர்வாகமும், ஏமாற்றுப் பேர்வழிகளைத் தேடும் உழைப்பும் மட்டும். அதுபோலவே உற்பத்தி இழப்பையும் வேலையிழப்பில் போன சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டுவது. சம்பளம் ஏற்கெனவே உற்பத்திக்குள் இருக்கிறது. தள்ளிப்போன செலவையும் போன செலவையும் பிரிக்க வேண்டும்: இந்த மாதம் வாங்காத குளிர்சாதனப் பெட்டியை மூன்று மாதம் கழித்து வாங்குவார்கள், போகாத முடிதிருத்தகத்துக்கு மும்முறை போக மாட்டார்கள்.

நிவாரணம் வெறும் கருணை என்றும் நினைக்க வேண்டாம். தழும்பின் ஆழத்தைத் தீர்மானிப்பது அதுதான். பிரிட்டன் வீட்டுக்கு அனுப்பிய ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரம்போடு, நிறுவனம் வழியாகவே கொடுத்தது. ஜெர்மனியில் இத்தகைய குறுவேலை முறை முன்பிருந்தே உண்டு. ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு அறாமல் இருப்பதால் திறந்த மறுநாளே வேலை தொடங்குகிறது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் நான் மேலே வைத்த “பாதி” என்ற தழும்பு எண் ஒரு மடங்காகவோ இரண்டு மடங்காகவோ ஆகலாம். நிவாரணம் தர வழியில்லாத அரசு ஊரடங்கு போட்டால், மக்கள் பசிக்காக உத்தரவை மீறுவார்கள். செலவு முழுதாக நிற்கும், வரவு பாதியாகும்.

எப்போது தொடங்குவது என்பது எவ்வளவு கடுமையாகப் பூட்டுவது என்பதைவிட முக்கியம். ஒருவர் 3 பேருக்குப் பரப்ப, ஒரு தலைமுறைத் தொற்றுக்கு 5 நாள் ஆகும் என்றால், தொற்று மூன்று நாளுக்கொரு முறை இரட்டிக்கும். ஒரு வாரம் தாமதித்தால் கிட்டத்தட்ட 5 மடங்கு. ஏறும்போது ஒரு வாரம், இறங்கும்போது அப்படியில்லை. ஒருவர் பரப்பும் எண்ணிக்கையை ஊரடங்கு 3-லிருந்து 0.7-க்கு இறக்கினால் அதே அளவு திரும்ப இறங்க மூன்று வாரம் ஆகும். அரைகுறையாகப் போட்டு 0.9-இல் நின்றால் பத்து வாரத்துக்கு மேல். எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைக்கும் ஊரடங்கு இதுதான்: தாமதமாகத் தொடங்கி, தளர்வாக நடத்தி, இறங்கவும் இறங்காமல் மாதக்கணக்கில் இழுப்பது. கடைகளுக்கு நஷ்டம் நாள்தோறும் ஓடும், தொற்று மட்டும் அப்படியே நிற்கும். பல அரசுகள் பொருளாதாரத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு சரியாக இதைத்தான் செய்தன.

ஊரடங்கு என்று ஒரே சொல்லில் பேசினாலும் உள்ளே இருபது உத்தரவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வரவு செலவு. பெருங்கூட்டத்தைத் தடுப்பது மலிவு, பலன் அதிகம். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை வைத்து 2020 இறுதியில் வந்த ஒரு மதிப்பீட்டில், பத்துப் பேருக்கு மேல் கூடுவதைத் தடுத்ததும், நெருக்கமாகப் பழகும் வணிகங்களை மூடியதும், பள்ளி கல்லூரிகளை மூடியதும் பரவலைக் கணிசமாகக் குறைத்தன. இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கும் நிலையில் வீட்டைவிட்டு வெளியே வராதே என்ற உத்தரவு சேர்த்த பலன் சிறிது. கடற்கரையையும் பூங்காவையும் பூட்டியது செலவு மட்டும். திறந்தவெளியில் பரவல் குறைவு, பூட்டினால் மக்கள் வீட்டுக்குள் கூடுவார்கள். பள்ளி மட்டும் சங்கடமான இடத்தில் நிற்கிறது, பலனும் உண்டு, செலவோ மிகப் பெரிது. அதனால் அது கடைசியாக மூடி முதலில் திறக்க வேண்டிய கதவு.

ஆக, ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டியது இன்னும் ஒரு வாரம் நீட்டினால் கூடுதலாக என்ன கிடைக்கும், என்ன போகும் என்பது. இதற்கு விடை, அந்த ஒரு வாரத்தில் நம் கைக்கு என்ன வந்து சேரும் என்பதைப் பொறுத்தது. 2020 ஜூன் 16 அன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் மட்டும் பெறுபவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைப்பதாகத் தெரிந்தது. மார்ச்சில் வரவேண்டிய தொற்றை ஜூலைக்குத் தள்ளியவருக்கு அந்த மருந்து கிடைத்தது. டிசம்பர் 8-இல் பிரிட்டனில் பொதுமக்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. 2020 நவம்பரில், தடுப்பூசி ஆய்வின் நல்ல முடிவுகள் வந்தபின், ஒரு வாரத் தாமதத்தின் மதிப்பு ஏப்ரலில் இருந்ததைவிடப் பல மடங்கு உயர்ந்துவிட்டது. அப்போது தள்ளிப்போன தொற்று, நிரந்தரமாகத் தவிர்த்த சாவாக மாறும் வாய்ப்பு கண்ணெதிரே இருந்தது. வினோதம் என்னவென்றால், பல நாடுகள் ஏப்ரலில் கடுமையாகவும் நவம்பரில் களைத்துப்போய்த் தளர்வாகவும் இருந்தன.

வாங்கிய காலத்தைப் பயன்படுத்தாவிட்டால் அது வெறும் செலவு. ஹாங்காங் இரண்டு ஆண்டு தொற்றைக் கிட்டத்தட்ட வெளியிலேயே நிறுத்தியது. ஆனால் முதியவர்களில் கணிசமானோர் தடுப்பூசி போடாமலே இருந்தார்கள். 2022 பிப்ரவரி, மார்ச்சில் ஒமைக்ரான் நுழைந்தபோது, மக்கள்தொகைக்கு ஏற்ற தினசரி சாவில் உலகிலேயே மோசமான நிலைக்குப் போனது. நியூசிலாந்தோ தடுப்பூசியைப் பரவலாகப் போட்டுவிட்டுத் திறந்தது.

யார் கொடுத்தார்கள், யார் பெற்றார்கள் என்பது கூட்டுத்தொகையில் மறைந்துவிடும். கிரீன்ஸ்டோன், நிகம் கணக்கிலேயே பலனில் சுமார் 90% ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. செலவு மாணவருக்கும், உணவகப் பணியாளருக்கும், வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையில் இருப்பவருக்கும். மொத்தத்தில் லாபம் என்றாலே நியாயம் ஆகிவிடாது. லாபத்தில் ஒரு பங்கு நஷ்டப்பட்டவர் கைக்குப் போனால்தான் அந்தக் கூட்டலுக்கு அர்த்தம். மாணவர்களுக்கு ஈடுசெய்யும் கூடுதல் வகுப்பு என்பது இந்தக் கணக்கின்படி தரவேண்டிய கடன், பல அரசுகள் அதைக் கடனாகவே நினைக்கவில்லை.

கடைசியாக, தெரியாத நிலையில் முடிவெடுப்பது பற்றி. முதல் வாரங்களில் தொற்றியவர் எத்தனை பேர் என்றே தெரியாததால், சாவு விகிதம் 0.3 சதவீதமா 3 சதவீதமா என்று தெரியாது. வரவு பத்து மடங்கு மாறும். நோயறிகுறியோடு வருபவர்களை மட்டும் பரிசோதித்தால் இது தெரியவே தெரியாது. மக்களில் குலுக்கலாகத் தேர்ந்தெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஐஸ்லாந்து 2020 மார்ச்சிலேயே அறிகுறி இல்லாத பொதுமக்களையும் பரிசோதிக்கத் தொடங்கியது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஏப்ரலில் வீடுகளைக் குலுக்கலாகத் தேர்ந்து ஆய்வைத் தொடங்கியது. நம் கற்பனை நாட்டில் ஊரடங்கின் ஒரு வார உற்பத்திச் செலவு மட்டும் ஏறத்தாழ 19,000 அலகு. பத்தாயிரம் பேரைக் குலுக்கலாக எடுத்து, ஒரு பரிசோதனைக்கு ஒருவரின் ஆண்டு வருமானத்தில் நூறில் ஒரு பங்கு செலவானாலும், மொத்தம் 100 அலகு. இதைச் செய்யாமல் வாரக்கணக்கில் ஊரடங்கை நீட்டிக்கொண்டே போன நாடுகள் பல.